பல் போன காரும் ஒரு துண்டுக் காகிதமும்

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மூன்று குன்றுகள், அவற்றைச் சுற்றி வளைத்த மதில், கல்யாண மகால், தேசிங்கு ராஜன் கதை... அப்படித்தானே? 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் இந்தக் கோட்டை இடம் பிடித்து விட்டது.

ஆனால் குட்டீஸ், இந்த வாரம் நாம் கோட்டைக்குள் போகப் போவதில்லை. ஊருக்குள், திருவண்ணாமலை சாலையோரம் இருக்கும் ஒரு சின்ன மொபெட் ஒர்க் ஷாப்புக்குப் போகப் போகிறோம். அங்கே ஒரு நோயாளி படுத்திருக்கிறார். வயது தெரியாது. நீளம் ஒன்றரை அடி. நோய், பல் விழுந்து விட்டது!

நோயாளி யார் தெரியுமா? ஒரு நைட்ரோ கார்!

மூன்றாவது பல்சக்கரமும் போச்சு!

என் அக்கா மகன் செஞ்சியில் 8-ம் வகுப்பு படிக்கிறான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவனுடைய சித்தப்பா, போன முறை ஊருக்கு வந்தபோது, யாரோ ஓட்டிய பழைய நைட்ரோ கார் ஒன்றை வாங்கி வந்தார். ரிமோட்டில் ஓடும் கார்தான். ஆனால், பேட்டரி மோட்டார் கிடையாது. உள்ளே நிஜமான இன்ஜின் இருக்கிறது. எரிபொருள் ஊற்ற வேண்டும், புகை விடும், காதைக் கிழிக்கும்!

பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்ட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் ஊருக்கு வெளியே இருக்கும் காலி மைதானத்துக்குப் போவார்கள்.

இரண்டாவது வாரமே கார் நின்று விட்டது. இன்ஜின் 'வீஈஈ' என்று கத்துகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே இருந்த பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் வரிசையாகப் பல் இல்லை. 'பழைய சாமான்தானே, தேய்ந்திருக்கும்' என்று அதைக் குப்பையில் போட்டு விட்டு, சென்னையிலிருந்து புதுசு வரவழைத்தார்கள்.

புதுசு மூன்று ஞாயிறு ஓடியது. பிறகு அதுவும் போனது. இன்னொன்று வாங்கினார்கள். அது பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை!

நான்காவதை வாங்கிக் கொடுத்த அப்பா, 'இதுதான் கடைசி. இதுவும் உடைந்தால் காரைப் பரண் மேல் ஏற்றி விட வேண்டியதுதான்' என்று சொல்லி விட்டார். பையன் பாவம், அந்தச் சக்கரத்தைக் கவரிலிருந்து வெளியே எடுக்கவே பயந்தான். நான் ஊருக்குப் போயிருந்தபோது, 'மாமா, இதை மாட்டலாமா, வேண்டாமா?' என்று கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இருவரும் மொபெட் மெக்கானிக்கிடம் போனோம்.

மொபெட்டுக்கும் இதுக்கும் சொந்தம்

'தம்பி, இந்த மாதிரி வண்டியை நான் பார்த்ததே இல்லையே...' என்றுதான் மெக்கானிக் ஆரம்பித்தார். ஆனால், மேல்மூடியைக் கழற்றிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. 'அட, இது நம்ம பழைய மொபெட்டோட குட்டித் தம்பியாச்சே!'

அவர் சொன்னது சரிதான். உங்கள் தாத்தா ஓட்டிய பழைய மொபெட்டுக்குப் பெட்ரோலுடன் ஆயிலையும் கலந்து ஊற்றுவார்கள். பார்த்திருக்கிறீர்களா? அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இன்ஜினுக்குள் உராயும் பாகங்களுக்கு எண்ணெய் போட அதில் தனி ஏற்பாடு கிடையாது. எரிபொருளோடு சேர்ந்து போகும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்யும். நைட்ரோ காரில் இருப்பதும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்தான்.

இதற்குப் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். எண்ணெயில் நம் ஊர் ஆமணக்கு எண்ணெயும் சேர்வது உண்டு! நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கும். அதனால், உள்ளே வரும் கொஞ்சம் காற்றிலேயே அதிக எரிபொருளை எரித்து அதிக சக்தி பெற முடியும். 'நைட்ரோ கார்' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. மொபெட்டை ஸ்டார்ட் செய்தவுடன் அது ஓடி விடுவதில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால்தான் நகரும். ஏன்? மேல்மலையனூர் தேர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறியிருக்கிறீர்களா? வேகம் கூடக் கூட, சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள் வெளிப்பக்கமாக விரிந்து போகும் அல்லவா? அதே போல, இன்ஜின் வேகமெடுத்ததும் கிளட்சின் 'ஷூ'க்கள் வெளிப்பக்கம் விரிந்து, தங்களைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தைப் பிடித்துக் கொள்ளும். கிண்ணமும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் கிண்ணத்துக்கு 'கிளட்ச் பெல்' என்று பெயர்.

நைட்ரோ காரில் இந்தப் பெல்லின் மீதே ஒரு சின்ன உலோகப் பல்சக்கரம் இருக்கும். அது பினியன். பினியன், பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தைச் சுற்றும். அது ஸ்பர் கியர். ஸ்பர் கியர் சுற்றினால் கார் ஓடும். நம் ஊர் கரும்பு ஜூஸ் மிஷினில் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்கள் கவ்விக்கொண்டு சுற்றுமே, அதே தத்துவம்தான்!

ஒரு சின்னக் கணக்கு

பினியனுக்கு 16 பல், ஸ்பர் கியருக்கு 48 பல் என்று வைத்துக் கொள்வோம். பினியன் 3 சுற்று சுற்றினால் ஸ்பர் கியர் 1 சுற்று சுற்றும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும், இழுக்கும் திறன் ஏறக்குறைய மூன்று மடங்காகும். சைக்கிளில் மேடு ஏற லேசான கியருக்கு மாற்றுவதும் இதற்காகத்தான்.

இப்போது வேகத்தைப் பாருங்கள். இந்தக் குட்டி இன்ஜின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று கூடச் சுற்றும். அப்படியானால் ஒரு நொடிக்கு 500 சுற்று. ஒரு சுற்றுக்கு 16 பல். 500-ஐ 16-ஆல் பெருக்குங்கள். ஒரு நொடியில் 8,000 முறை பல்லோடு பல் மோதுகிறது! நீங்கள் கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்கள் முடிந்து விடும்.

ஒவ்வொரு மோதலிலும் ஒரு துளி தவறு இருந்தால் என்ன ஆகும்? அந்தத் துளி பெருவெள்ளமாகி விடும். அதுதான் இந்தக் காரிலும் நடந்தது.

உடைந்த சக்கரம்தான் சாட்சி

'பழைய சக்கரங்களைக் கொண்டு வந்தியா தம்பி?' என்று கேட்டார் மெக்கானிக்.

'முதல் சக்கரத்தைக் குப்பையில போட்டுட்டோம்ணே. மத்த ரெண்டும் இருக்கு' என்றான் பையன்.

'உடைஞ்ச சாமானை உடனே தூக்கிப் போடக் கூடாது. என்ன நடந்துச்சுன்னு சொல்லப் போற ஒரே சாட்சி அதுதான்' என்றபடி, இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பல் டாக்டர் உங்கள் பல்லைப் பார்த்தே, நீங்கள் மிட்டாய்ப் பிரியரா, எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று சொல்லி விடுவாரே, அது போலத்தான். பல்சக்கரத்தின் பல்லும் பேசும். என்ன பேசும் என்று பாருங்கள்:

* பல்லின் நுனி மட்டும் மழுங்கியிருந்தால், இரண்டு சக்கரங்களும் தள்ளி நிற்கின்றன என்று பொருள். நுனியோடு நுனிதான் தொடுகிறது.

* பல்லின் அடிப்பாகம் உரசிப் பளபளத்து, பிளாஸ்டிக் உருகினாற் போல இருந்தால், சக்கரங்கள் ஒன்றை ஒன்று அழுத்திக் கொண்டிருக்கின்றன. சுற்றிலும் தேங்காய்த் துருவல் போலப் பிளாஸ்டிக் தூள் கிடக்கும்.

* பல்லின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, மறு ஓரம் புதிதாக இருந்தால் சக்கரங்கள் நேராக நிற்கவில்லை, ஒன்று சாய்ந்திருக்கிறது.

* ஒரே இடத்தில் இரண்டு மூன்று பல் மட்டும் நறுக்கென்று போயிருந்தால், இடையில் கல் சிக்கியிருக்கலாம்.

* எல்லாப் பல்லும் ரம்பம் போலக் கூராகி இருந்தால், மணலும் தூசியும் அறுத்திருக்கின்றன. அல்லது வயதாகி விட்டது.

கடைசி இரண்டும் செஞ்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை. கருங்கல் குன்றுகள் சூழ்ந்த ஊர் அல்லவா? கருங்கல் உதிர்ந்த பொடியில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கும். அது கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

நம் பையனின் இரண்டாவது சக்கரம் அடிப்பாகம் உருகியிருந்தது. மூன்றாவது சக்கரத்தில் பல்லின் ஒரு ஓரம் மட்டும் வழித்து எடுத்தாற் போல் இருந்தது. ஒரே கார், ஒரே இன்ஜின். ஆனால், இரண்டு சக்கரமும் இரண்டு விதமாகச் செத்திருக்கின்றன! இது எப்படி?

இறுக்கினால் உறுதி என்று நினைத்தான்

'ரெண்டாவது சக்கரத்தை எப்படி மாட்டினே?'

'முதல் சக்கரம் வழுக்கிட்டுதான் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன்ணே. அதனால இன்ஜினை நல்லா நெருக்கித் தள்ளி, முடிஞ்ச வரைக்கும் டைட்டா வச்சேன்.'

மெக்கானிக் சிரித்து விட்டார். திட்டவில்லை. 'எல்லாரும் செய்யறதுதான்' என்றார். பிறகு, கிளட்ச் பெல்லை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். பையன் ஆட்டினான். 'கடக், கடக்' என்று ஆடியது!

அப்போதுதான் முழுக் கதையும் புரிந்தது. கேளுங்கள்.

கிளட்ச் பெல் தன் அச்சில் வழுக்கிச் சுற்றுவதற்கு, உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு பேரிங் இருக்கும். பேரிங்குக்குள்ளே குட்டிக் குட்டி எஃகுக் குண்டுகள். பல்சக்கரங்களை இறுக்கி வைத்தால், ஸ்பர் கியர் பெல்லை ஓயாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக் கொண்டே இருக்கும். அந்தச் சுமை முழுவதும் பேரிங் தலையில் விழும். கூடவே சூடு, கூடவே தூசி. பேரிங் மெல்ல மெல்லத் தேய்ந்து லூஸ் ஆகி விட்டது. இரண்டாவது சக்கரமும் உருகிப் போனது.

அடுத்து மூன்றாவது சக்கரம் வந்தது. புதுச் சக்கரம்தான், ஆனால் பழுதான பேரிங். வேகம் எடுத்ததும் பெல் சாய்ந்து கொண்டது. பல் முழுவதும் கவ்வாமல், ஓரம் மட்டும் கவ்வியது. ஒரு பல் சுமக்க வேண்டிய பாரத்தைக் கால் பல் சுமந்தால்? பத்து நிமிடத்தில் காலி!

போதாக்குறைக்கு, இன்ஜினைத் தாங்கும் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்று பாதி கழன்றிருந்தது. இன்ஜினின் அதிர்வில் ஸ்க்ரூ தானாகவே கழலும். எரிபொருளின் எண்ணெய் பட்டால் இன்னும் சுலபமாகக் கழலும்.

ஆக, நான்காவது சக்கரத்தை அப்படியே மாட்டியிருந்தால், அதுவும் அன்றைக்கே போயிருக்கும். பையன் கவரைப் பிரிக்காமல் வைத்திருந்ததுதான் அவன் செய்த மிகப் பெரிய புத்திசாலித்தனம்!

கோட்டையிலும் இடைவெளி உண்டு

செஞ்சியில் ராஜகிரிக் குன்றின் உச்சிக்கு ஏறியிருக்கிறீர்களா? உச்சியை நெருங்கும்போது பாறை திடீரென்று பிளந்து நிற்கும். ஏறக்குறைய 7 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். அதன் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்து விட்டால் போதும், எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். அந்த இடைவெளிதான் உச்சிக் கோட்டைக்குக் காவல்.

பல்சக்கரத்துக்கும் இடைவெளிதான் காவல். ஆனால், அது 7 மீட்டர் அல்ல. ஒரு காகிதத்தின் தடிமன்!

பல்சக்கரங்கள் ஓடும்போது சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று நெரிக்கும். ரொம்ப இடம் விட்டாலோ நுனிப் பல்லில் மட்டும் தொட்டு வழுக்கும். ஆகவே, நெருங்கவும் வேண்டும், நெரிக்கவும் கூடாது. அதை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உலகம் முழுக்க நைட்ரோ கார் ஓட்டுபவர்கள் பயன்படுத்துவது ஒரு துண்டுக் காகிதத்தைத்தான்.

காகித வைத்தியம் செய்வது எப்படி?

புது பேரிங் பார்சலில் வந்து சேர்ந்த பிறகு, மறுபடியும் ஒர்க் ஷாப்பில் கூடினோம். செய்த வேலைகள் வரிசையாக இதோ:

1. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டேங்கில் எரிபொருள் இருக்கக் கூடாது. ரிமோட்டும் காரும் ஆஃப்.

2. அடித்தட்டைச் சமமான கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தோம். ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வளைந்த தட்டில் இன்ஜின் நேராக நிற்காது. நல்ல வேளை, ஆடவில்லை.

3. கிளட்ச் பெல்லில் பழைய பேரிங்கைக் கழற்றி, புதுசைப் போட்டோம். இப்போது பெல்லை ஆட்டினால் 'கடக்' இல்லை. விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றியது.

4. பினியன் பல்லையும் பார்த்தோம். அதில் பிசிறு இருந்தால் புதுப் பிளாஸ்டிக்கை அரம் போல அறுத்து விடும். அதையும் மாற்ற வேண்டியிருக்கும். இவனுடையது வழவழப்பாக இருந்தது.

5. புது ஸ்பர் கியரை மாட்டி, இன்ஜின் ஸ்க்ரூக்களை லேசாகத் தளர்த்தினோம். நோட்டுப் புத்தகத் தாளிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் செருகினோம்.

6. இன்ஜினை ஸ்பர் கியர் பக்கம் மெல்லத் தள்ளிப் பிடித்து, ஸ்க்ரூக்களை முடுக்கினோம். ஒரேயடியாக ஒன்றை முடுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் கோணலாகி விடும்.

7. சக்கரத்தைக் கையால் சுற்றினால் காகிதம் மறுபக்கம் வெளியே வரும். அது விசிறி மடிப்பு போல மடிந்திருக்க வேண்டும். கிழிந்திருந்தால் இறுக்கம் அதிகம். மடிப்பே விழாவிட்டால் தளர்ச்சி அதிகம். மடிப்பு ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் லேசாகவும் இருந்தால், இன்ஜின் சாய்ந்திருக்கிறது!

பையனின் முதல் காகிதம் கிழிந்து விட்டது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது அழகாக மடிந்து வந்தது.

8. அதோடு முடியவில்லை. ஸ்பர் கியர் மிகச் சரியான வட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, நான்கு இடங்களிலும் சோதித்தோம். எந்த இடம் அதிக இறுக்கமோ, அந்த இடத்தில்தான் காகித இடைவெளி சரியாக இருக்க வேண்டும்.

9. கடைசியாக, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு வைத்து மறுபடி முடுக்கினோம். உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூவுக்குத்தான் இந்தப் பசை. பிளாஸ்டிக்கில் பட்டால் அதைக் கெடுத்து விடலாம்.

'கிரீஸ் வைக்க வேண்டாமாண்ணே? கரும்பு ஜூஸ் மிஷின் பல்லுல எல்லாம் வச்சிருக்காங்களே?' என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி! ஜூஸ் மிஷின் ஒரே இடத்தில் நிற்கிறது. இதுவோ மண்ணில் ஓடும் கார். திறந்திருக்கும் பல்சக்கரத்தில் கிரீஸ் வைத்தால் மணல் அப்பிக் கொண்டு, உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்த்து விடும். அதனால் ஸ்பர் கியருக்குக் கிரீஸ் கிடையாது, பிரஷ்ஷால் தட்டித் துடைப்பதுதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் டிபரென்ஷியல் பல்சக்கரங்களுக்கு மட்டுமே கிரீஸோ எண்ணெயோ உண்டு.

பிளாஸ்டிக் எதற்கு? இரும்பில் செய்தால் என்ன?

உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். வீட்டில் ஃபியூஸ் எதற்கு இருக்கிறது? மின்சாரம் அளவுக்கு மீறினால், ஃபியூஸ் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுகிறது. பிளாஸ்டிக் ஸ்பர் கியரும் அப்படித்தான். கார் எதிலாவது முட்டிச் சட்டென்று நின்றால், அந்த அதிர்ச்சியில் விலை குறைந்த இந்தச் சக்கரம் முதலில் உடைந்து, விலை உயர்ந்த மற்ற பாகங்களைக் காப்பாற்றும். சத்தமும் எடையும் குறைவு. இரும்புச் சக்கரங்களும் கிடைக்கின்றன. ஆனால், அவற்றை மாட்டினால் அடுத்த பலி வேறு ஏதாவது ஒரு பாகமாக இருக்கும்.

இன்னொரு ரகசியம். 48-க்குப் பதிலாக 47 பல் உள்ள சக்கரம் இருந்தால் என்ன ஆகும்? 16-ம் 48-ம் மீதியின்றி வகுபடும். அதனால், பினியனின் ஒரு பல், எப்போதும் ஸ்பர் கியரின் அதே 3 பற்களைத்தான் தொடும். அந்தப் பல்லில் பிசிறு இருந்தால், அந்த 3 பற்களும் சீக்கிரம் போய் விடும். 16-க்கும் 47-க்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. அதனால், ஒவ்வொரு பல்லும் மாறி மாறி 47 பற்களையும் சந்திக்கும். தேய்மானம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடப்படும். கணக்குப் பாடத்தில் பொதுக் காரணி எதற்கு என்று இனிமேல் கேட்பீர்களா?

மலை ஏறும் பல்சக்கரம்

பல் சரியாகக் கவ்வ வேண்டும் என்பது பொம்மைக் காருக்கு மட்டுமல்ல. நம் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், பின்னர் ஊட்டிக்கு 1908-லும் ஓடத் தொடங்கிய இந்த ரயில், கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் மலை ஏறுகிறது. சாதாரண ரயில் சக்கரம் அங்கே வழுக்கி விடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பட்டைகளின் பற்களும் நேருக்கு நேராக இருக்காது. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். அதனால், ஒன்று பிடியை விடும் நேரத்தில் மற்றது பிடித்திருக்கும். 2005-ல் இந்த ரயில் பாதையும் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. அங்கே பல்லில் கோளாறு என்றால் ஒரு ரயில் நிறைய மனிதர்கள். நம் பையனுக்கோ ஒரு பொம்மைக் கார். ஆனால், பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். பல் நேராக நிற்கிறதா, முழுதாகக் கவ்வுகிறதா?

உஷார்... உஷார்!

நைட்ரோ கார் சின்னக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் அல்ல. உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றை மறக்காதீர்கள்:

* எரிபொருளில் இருக்கும் மெத்தனால் கொடிய விஷம். வாயிலோ கண்ணிலோ படக் கூடாது. பெரியவர்கள் மட்டுமே ஊற்ற வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

* மெத்தனால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அடுப்பு, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

* இன்ஜின் ஓடும்போது பல்சக்கரத்தின் அருகில் விரலைக் கொண்டு போகாதீர்கள். நொடிக்கு 8,000 மோதல் ஞாபகம் இருக்கட்டும்!

* வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். புகை ஆகாது.

* கோட்டை, கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஓட்டாதீர்கள். அந்த இடங்கள் எல்லோருக்கும் சொந்தம்.

கடைசிச் சக்கரம் என்ன ஆச்சு?

அந்த ஞாயிறு மாலை மைதானத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். மெக்கானிக்கும் மொபெட்டில் வந்து சேர்ந்தார். அப்பா எரிபொருளை ஊற்றி ஸ்டார்ட் செய்தார். பையன் ரிமோட்டை வாங்கும்போது கை நடுங்கியது.

முன்பெல்லாம் கார் கிளம்பினால் ஊளையிடுமாம். இறுக்கமான பல்லின் சத்தம் அது. இப்போது இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று... மூன்றாவது சக்கரம் உடைந்த பத்து நிமிடமும் தாண்டியது. டேங்க் காலியாகி, கார் தானாக நின்றது.

பையன் உடனே ஓடவில்லை. இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தான். பிறகு திறந்து பார்த்தான். தேங்காய்த் துருவல் இல்லை. பல் அத்தனையும் இருக்கிறது. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துச் செருகிச் சுற்றினான். விசிறி போல மடிந்து வந்தது.

'பரண்ல இப்போதைக்கு இடம் தேட வேண்டாம்' என்றார் அப்பா.

அடுத்த நாள் அவன் மேஜையில் ஒரு பழைய டிபன் டப்பாவைப் பார்த்தேன். உள்ளே இரண்டு உடைந்த சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'இரண்டாவது: இறுக்கி வைத்தேன்.' 'மூன்றாவது: பேரிங் போனதைப் பார்க்கவில்லை.' பக்கத்தில் ஒரு சீட்டு மட்டும் சக்கரம் இல்லாமல் கிடந்தது. அதில், 'முதலாவது: தெரியாது. தூக்கிப் போட்டு விட்டேன்' என்று எழுதியிருந்தான்.

குட்டீஸ், உங்களிடம் நைட்ரோ கார் இல்லாமல் இருக்கலாம். சைக்கிள் இருக்கும், தையல் மிஷின் இருக்கும், சுவரில் கடிகாரம் இருக்கும். அடுத்த முறை ஏதாவது உடைந்தால், அதைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? அது உங்களுக்கு ஏதாவது சொல்லும்!